‘ஒன் ஆகுது’ என்றால் போதுமா? பழைய கணினியைச் சோதிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் பழைய கணினிகள் குவிந்து கிடக்காத பாடசாலையோ கந்தோரோ குறைவு. மாடிப்படிக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, ரியூட்டரியின் பின் அறையில் தூசி பிடித்துக் கிடக்கும். இடம் தேவைப்பட்டு ஒருநாள் அதைத் தீர்க்க வெளிக்கிடும்போது மூன்று வசனங்கள்தான் காதில் விழும். “ஒன் ஆகுது, விக்கலாம்.” “ஒன் ஆகேல்லை, பழைய இரும்புக்குப் போடு.” “போர்மற் அடிச்சாச்சு, உள்ளுக்க ஒண்டும் இல்லை.”

மூன்றும் பிழை. முதலாவது, வாங்குபவரிடம் ஒரு மாதத்தில் நின்றுபோகும் பெட்டியைக் கொடுக்கிறது. இரண்டாவது, நல்ல உதிரிகளை இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறது. மூன்றாவது, பிள்ளைகளின் புள்ளிப்பட்டியலையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் வங்கிக் கணக்கு விபரங்களையும் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுக்கிறது.

2025 ஒக்ரோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பெட்டிகள் ஏராளம் என்பதால் இந்தக் குவியல்கள் இன்னும் உயரும். அதே ஒக்ரோபர் 14தான் சர்வதேச மின்கழிவு தினமும். நாள் பார்த்துச் செய்ததுபோல அமைந்துவிட்டது.

## சைக்கிள் வாங்குகிற மாதிரி

பழைய ரலி சைக்கிள் ஒன்றை வாங்கப் போகிறவர், சில்லு சுற்றுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காசை நீட்டமாட்டார். பின்பக்கத்தைத் தூக்கி மிதியைச் சுற்றி, றிம் ஆடுகிறதா என்று பார்ப்பார். பிறேக்கை அழுத்துவார். முன் கவரில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவுவார். பிறேம் உடைந்திருந்தால்கூட றிம், செயின், டைனமோ எல்லாம் தனித்தனியாக விலை போகும். ஒன்றுக்கும் உதவாமல் மிஞ்சுவதுதான் இரும்பு.

கணினியும் அப்படித்தான். அது ஒரு பொருள் அல்ல. பவர் சப்ளை, மதர்போட் என்ற தாய்ப்பலகை, புரோசசர், ராம் என்ற தற்காலிக நினைவகம், டிஸ்க், மின்விசிறி, திரை என்று ஏழெட்டுப் பொருட்கள் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. ‘வேலை செய்யுதா?’ என்ற கேள்வியை ஒவ்வொன்றிடமும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பதிலைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு. முழு இயந்திரமாகவே விற்பது மறுவிற்பனை. நல்ல பாகத்தைக் கழற்றி இன்னொரு இயந்திரத்துக்குக் கொடுப்பது உதிரி. செம்பு, அலுமினியம், உருக்கு என்று மூலப்பொருளாகப் பிரிப்பது மறுசுழற்சி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பெறுமதி குறையும். வேளைக்கு முந்தி ஒரு பொருள் கீழ்ப்படிக்கு இறங்காமல் பிடித்து வைப்பதுதான் சோதனையின் வேலை. பிழையான பொருளை மேற்படியில் நிற்க விடாததும் அதே வேலைதான்.

## பிளக்கில் குத்த முதல்

பக்க மூடியைக் கழற்றி ரோச் அடித்துப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தில் பாதி விடை தெரிந்துவிடும்.

லப்டொப் என்றால் முதலில் பற்றறி. மேசையில் வைத்தால் ஆடுகிறது, மவுஸ் தடவும் இடம் மேலே எழும்பி நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை என்றால் லிதியம் பற்றறி உள்ளே வாயு சேர்ந்து வீங்கியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜில் போடவோ கூடாது. ஸ்குறூவில் இருந்தால் மெதுவாகக் கழற்றலாம். பசையால் ஒட்டியிருந்தால் ஸ்குறூட்றைவரால் கிளப்பவேண்டாம், முழு லப்டொப்பையும் ஒதுக்குங்கள். கழற்றியதை மணல் போட்ட தகரத்தில், வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

மதர்போட்டில் சிறு உருளைகளாக நிற்பவை கப்பாசிற்றர்கள். மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது அவற்றின் வேலை. அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தால், அல்லது தலையில் மண்ணிறமாக ஏதும் கசிந்து காய்ந்திருந்தால், அந்தப் போட் இன்றைக்கு ஒன் ஆனாலும் விற்பனைக்கு அல்ல.

அடுத்தது உப்பு. பருத்தித்துறை, குருநகர், காரைநகர் என்று கடற்கரையை ஒட்டி வேலை செய்த பெட்டிகளில் செம்பு தெரியும் இடங்களில் பச்சையும், அலுமினியத்தில் வெள்ளையும் பூத்திருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். யூஎஸ்பி வாய்களில் மட்டும் இலேசாகப் பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். மதர்போட்டிலுள்ள கறுப்புச் சில்லுகளின் (சிப்) கால்களுக்கு இடையே பூத்திருந்தால் அந்தப் போட்டை நம்ப ஏலாது.

பவர் சப்ளைக்குள் செத்த பல்லி கிடப்பது எங்கள் ஊரில் புதினம் இல்லை. எறும்புக் கூடும் இருக்கும். புளோவரால் ஊதலாம், ஆனால் முற்றத்தில் வைத்து. ஊதும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றால் கட்டுக்கடங்காமல் சுற்றினால் அதன் பேரிங் பழுதாகும்.

பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ற் மின்சாரம் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ற்றாகக் கப்பாசிற்றரில் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். வெளியில் இருந்தே சோதிக்கலாம். மதர்போட்டில் இருந்து கழற்றிய 24 ஊசி இணைப்பில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் அது இயங்கத் தொடங்கும். சுமைக்குப் பழைய ஹாட் டிஸ்க் ஒன்றைக் கொழுவிவிட்டு மல்ரிமீற்றரால் அளவுங்கள்: மஞ்சள் வயரில் 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில், சிவப்பில் 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில், செம்மஞ்சளில் 3.14 இற்கும் 3.47 இற்கும் இடையில் வோல்ற் வர வேண்டும். இது சாதாரண 24 ஊசிப் பவர் சப்ளைக்கான முறை. சில கம்பனிகளின் கந்தோர்க் கணினிகளில் இணைப்பின் வடிவமே வேறு. அவற்றில் இந்தப் பச்சை வயர் வேலையைச் செய்யவேண்டாம்.

“பெட்டியைத் தொட்டால் ஷொக் அடிக்குது” என்று ஒதுக்கிய கணினிகளும் குவியலில் இருக்கும். பெரும்பாலும் குற்றம் கணினியில் இல்லை, பிளக் பொயின்றில் ஏர்த் இல்லை. பவர் சப்ளையின் வாசலில் உள்ள வடிகட்டி மிகச் சிறிய மின்னோட்டத்தை ஏர்த் வயருக்கு விடும்படி அமைக்கப்பட்டது. போக ஏர்த் இல்லாவிட்டால் அது உலோகப் பெட்டியில் நின்று விரலைச் சுண்டும். ஏர்த் சரியாக உள்ள பொயின்றில் குத்திப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது: கண்ணும் மூக்கும் மல்ரிமீற்றரும் போதும். வீங்கியது, கசிந்தது, சில்லுகளின் கால்களில் உப்புப் பூத்தது மூன்றும் மறுவிற்பனைக்குப் போகாது.

## அழிப்பது என்றால் என்ன: ஒரு தோம்புக் கதை

எல்லோரும் கதைக்கிற, அதிகமாகப் பிழைக்கிற இடம் இது.

ஒல்லாந்தர் காலத்தில் எந்தக் காணி யாருடையது, எவ்வளவு விஸ்தீரணம் என்று பதிந்துவைத்த ஏடு தோம்பு. அந்த ஏட்டில் ஒரு பெயரை வெட்டிவிட்டால் காணியில் நிற்கும் பனைகள் விழுந்துவிடுமா? காணி அப்படியே கிடக்கும். ‘இது வெறுங்காணி, யாரும் எடுக்கலாம்’ என்று ஏடு சொல்லும், அவ்வளவுதான்.

டிஸ்க்கிலும் ஒரு தோம்பு இருக்கிறது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்ற அட்டவணை அது. கோப்பை டிலீற் பண்ணும்போது வெட்டுப்படுவது அட்டவணைப் பதிவு மட்டுமே. விரைவு போர்மற் செய்தால் புதுத் தோம்பு எழுதப்படும்; காணி பழையபடிதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்று ஹாட் டிஸ்க்கின் காணியை நேரடியாக நடந்து பார்த்து, நிற்கும் பனைகளை எண்ணிவிடும்.

காணியை உழுது வேறு பயிர் வைத்தால்தான் பழையது போகும். இதற்கு மேலெழுதுதல் என்று பெயர்: டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் பூச்சியத்தையோ எழுந்தமானமான எண்களையோ எழுதுவது. யூஎஸ்பியில் இருந்து இயங்கும் ஷிரெட் ஓஎஸ் போன்ற இலவச மென்பொருட்கள் இதைச் செய்யும். 500 ஜிபி ஹாட் டிஸ்க், செக்கனுக்கு 90 எம்பி வேகத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை எழுத வேண்டும் என்ற பேச்சு பழைய காலத்து டிஸ்க்குகளோடு வந்தது. இன்றைய ஹாட் டிஸ்க்குக்கு ஒரு தடவை முழுமையாக எழுதி, எழுதியதைச் சரிபார்த்தால் போதும். அமெரிக்காவின் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டியும் அதையே சொன்னது.

சுழலும் தட்டில் எழுதும் ஹாட் டிஸ்க்கைப் போலன்றி, சில்லுகளில் தகவலைச் சேர்க்கும் எஸ்எஸ்டிக்கு இந்த உழவு சரிவராது. எஸ்எஸ்டியில் தகவல் நிற்கும் கலங்கள் குறிப்பிட்ட தடவைகள் எழுதியதும் தேய்ந்துபோகும். அதனால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப நடாத கமக்காரனைப்போல, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். இது தேய்வுச் சமப்படுத்தல். நீங்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நினைக்கிறீர்கள். அது பக்கத்துப் பாத்தியில் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்கிறது. கணினியின் கண்ணுக்கே தெரியாத ஒதுக்குப் பாத்திகளும் உண்டு. ஆகவே எஸ்எஸ்டியை வெளியிலிருந்து உழாமல், அதன் சில்லுக்கே ‘எல்லாப் பாத்தியையும் அழி’ என்று கட்டளை கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அழிப்பு எனப்படும் இந்தக் கட்டளையைத் தயாரிப்பாளரின் மென்பொருள் மூலமோ, பல கந்தோர் லப்டொப்களின் பயோஸ் (ஒன் ஆனதும் விண்டோஸுக்கு முந்தி ஓடும் அடிப்படை மென்பொருள்) திரையிலிருந்தோ கொடுக்கலாம். பல எஸ்எஸ்டிகளில் ஓரிரு நிமிடத்தில் முடியும்.

காந்தத்தை வைத்துத் தேய்ப்பது எஸ்எஸ்டிக்கு ஒன்றும் செய்யாது. ஸ்பீக்கர்க் காந்தம் ஹாட் டிஸ்க்கையும் அழிக்காது. அழிக்க முடியாதபடி பழுதான ஹாட் டிஸ்க்கில் தட்டுகளை ஊடுருவித் துளை போடலாம். லப்டொப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி அணியாமல் துளைக்கவேண்டாம். எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு கறுப்புச் சில்லும் உடைய வேண்டும். நடுவில் ஒரு துளை போட்டால் சில்லே இல்லாத இடத்தில்கூடப் போயிருக்கும்.

மறந்துபோகும் இடங்கள் சில. பெரிய போட்டோகொப்பி இயந்திரங்கள் பலவற்றுக்குள் ஹாட் டிஸ்க் இருக்கும். பிரதி எடுத்த பக்கங்கள் அதில் தங்கியிருக்கலாம். ரவுட்டரில் கடவுச்சொல் இருக்கும். பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு, பத்துப் பதினைந்து செக்கன் அழுத்தி வையுங்கள். பூட்டுகளும் உண்டு. ஐகிளவுட் கணக்கிலிருந்து விடுவிக்காத மக்புக்கும், பயோஸ் கடவுச்சொல் தெரியாத லப்டொப்பும் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்குபவருக்கு வெறும் உதிரிதான். முன்னைய உரிமையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே விடுவித்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போன பிறகு தேடுவது கஷ்டம்.

சுருக்கம்: டிலீற் ஏட்டை வெட்டுகிறது. ஹாட் டிஸ்க்குக்கு ஒரு முழு மேலெழுதல், எஸ்எஸ்டிக்குப் பாதுகாப்பு அழிப்பு, பழுதானதற்குத் துளை.

## டிஸ்க் தன் வருத்தத்தைத் தானே எழுதி வைத்திருக்கும்

கிளினிக் கொப்பி போன்ற ஒரு பதிவு ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் உண்டு. அதன் பெயர் ஸ்மாட். விண்டோஸில் கிறிஸ்ரல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். மேலே ‘நல்லது’ என்று நீல நிறத்தில் போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது. கீழே நான்கு வரிகளைத் தேடுங்கள்.

05ஆம் வரி: கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக ஒதுக்கிலிருந்து எடுத்த இடங்களின் எண்ணிக்கை. சி5: வாசிக்க முடியாமல், கெட்டதா இல்லையா என்று முடிவாகாமல் நிற்கும் இடங்கள். சி6: வாசிக்கவே முடியாது என்று உறுதியானவை. ஹாட் டிஸ்க்கில் இந்த மூன்றும் பூச்சியமாக இருந்தால்தான் விற்பனைக்கு. நான்காவது சி7, தரவு வயரில் வந்த பிழைகள். இது கூடியிருந்தால் டிஸ்க்கைக் குறைசொல்ல முதல் வயரை மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கை அதற்குமேல் ஏறாவிட்டால் டிஸ்க் நிரபராதி.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று. அந்த மென்பொருள் எண்களை வழமையாகப் பதினறும எண்ணில்தான், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்தான், காட்டும். இயங்கிய மணித்தியாலம் 61ஏ8 என்று இருந்தால் அது 25,000. நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 250 நாள் ஓடிய கந்தோர்க் கணினி என்றால் பன்னிரண்டரை வருடம். இரவு பகலாக ஓடிய கமரா ரெக்கோடர் என்றால் மூன்று வருடத்துக்கும் குறைவு. அமைப்புப் பட்டியலில் பத்தடி எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் இந்தக் கணக்கு வேண்டாம்.

ஸ்மாட்டை அழிக்க முதல் ஒருமுறை, அழித்த பிறகு ஒருமுறை பாருங்கள். முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சம்பிடிக்க: ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு ஒன்றரை மணித்தியாலம் செலவழிக்காமல் துளைக்கு அனுப்பலாம். பிறகு பார்ப்பதற்குக் காரணம் இன்னும் சுவையானது. மேலெழுதுதல் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் போகிறது. சி5இல் முடிவாகாமல் நின்ற இடங்கள் எழுதப்படும்போது ஒன்றில் தேறிவிடும், அல்லது 05க்கு மாறிவிடும். அழிப்பும் சோதனையும் ஒரே ஓட்டத்தில் நடந்துவிடுகின்றன. 05 ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை விற்கவேண்டாம்.

## சூடேறினால்தான் உண்மை வெளிவரும்

ஒன் ஆகாத பெட்டிக்கு முதல் மருந்து, தேவையற்றதை எல்லாம் கழற்றுவது. பவர் சப்ளை, மதர்போட், புரோசசர், ஒரேயொரு ராம். இவ்வளவோடு ஒன் பண்ணுங்கள். ராமின் பொன்னிறப் பற்களை வெள்ளை இறேசரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மீண்டும் இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். ‘செத்துப்போச்சு’ என்று குவியலுக்கு வந்த பெட்டிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே எழும்பிவிடும். திகதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் மாறிப்போனால் சிஆர்2032 நாணயப் பற்றறியை அளவுங்கள். 3 வோல்ற் இருக்க வேண்டியது 2.8இற்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்.

எழும்பியது நலமா என்பது வேறு கேள்வி. ராமுக்கு மெம்ரெஸ்ட்86 பிளஸ்: யூஎஸ்பியில் இருந்து ஓடவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் எழுதி வாசித்துப் பார்க்கும். ஒரு சுற்றாவது முழுமையாக ஓட வேண்டும். ஒரேயொரு பிழை வந்தாலும் தோல்விதான்; ‘ஆயிரம் கோடியில் ஒன்றுதானே’ என்ற கணக்கு இங்கே இல்லை. இரண்டு ராம் இருந்தால் தனித்தனியாகப் போட்டு, பிழை ராமோடு போகிறதா, அதைச் செருகும் வாயோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சூடு. பத்து வருடப் பெட்டியில் புரோசசருக்கும் அதன் மேலிருந்து சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டிக்கும் இடையே பூசிய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐந்து நிமிடம் இயங்கும்போது ஒன்றும் தெரியாது. அரை மணித்தியாலம் முழுச் சுமை கொடுத்து வெப்பநிலையைக் கவனியுங்கள். 80 பாகை சொச்சத்தில் நிலைத்து நின்றால் பரவாயில்லை. சுமை ஏறிய சில செக்கனிலேயே 100ஐ நெருங்கினால் பசை போய்விட்டது, அல்லது கட்டியின் ஒரு கால் கழன்று நிற்கிறது. பழசைத் துடைத்து, கடலை அளவு புதுப் பசை வைத்து இறுக்கி, திரும்பவும் ஓட்டுங்கள். இந்தச் சோதனையை ஏசி அறையில் செய்து தேறினால், சித்திரை மாத மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே தேறும் என்று அர்த்தமில்லை.

லப்டொப் பற்றறிக்கு விண்டோஸின் பவர்சிஎவ்ஜி கட்டளை ஒரு அறிக்கை தரும். வடிவமைப்புக் கொள்ளளவு 48,000, இப்போது நிறையும் கொள்ளளவு 31,200 என்றிருந்தால் பற்றறியின் நலம் 65 வீதம். அந்த எண்ணைத்தான் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ‘பற்றறி நிக்கும்’ என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. திரையை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுநிறத்தில் பாருங்கள். எல்லா விசையையும் ஒருமுறை தட்டுங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி வாயிலும் குத்திப் பாருங்கள். முன்பக்க வாய்கள்தான் முதலில் போகும்.

## எந்தப் படி?

எல்லாம் தேறினாலும், இன்றைக்கு அதை எதற்குப் பாவிக்கலாம் என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 சில விதிவிலக்குகள் தவிர இன்ரெல் புரோசசர் என்றால் 8ஆம் தலைமுறை முதலானவற்றையே ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். தலைமுறையைப் பெயரில் படிக்கலாம். ஐ5-7500 ஏழாம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. எட்டுக்குக் கீழே என்றால் குப்பை இல்லை: 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பாடம் படிக்கவும் கடிதம் அடிக்கவும் நன்றாகவே ஓடும். ஆனால் ‘விண்டோஸ் 11 போட்டது’ என்று குறுக்குவழியில் ஏற்றி விற்பது நேர்மையான வேலை இல்லை.

## நிறுத்துக் கொடுக்க மிஞ்சுவது

உருக்குப் பெட்டி, அலுமினியக் கட்டி, வயர், போட், பிளாஸ்ரிக் என்று பிரித்து வைத்தால் கலந்து கொடுப்பதைவிட நல்ல விலை வரும். பிரிப்பதற்கு ஸ்குறூட்றைவர் போதும். செம்பு எடுக்க வயரை எரிப்பதும், தங்கம் எடுக்க போட்டை அமிலத்தில் ஊறவைப்பதும் வேண்டவே வேண்டாம். வயரின் பிவிசி உறை எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சு வரும். அமிலத்தின் மிச்சம் மண்ணில் ஊற்றப்பட்டால், சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே நாங்கள் கிணற்றில் அள்ளிக் குடிக்கும் நீருக்கே போய்ச் சேரும். ஒரு போட்டில் உள்ள தங்கம் அந்த விலைக்குப் பெறுமதி இல்லை.

பழைய பெட்டி மொனிற்றரை உடைக்கவேண்டாம்: கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கலாம், குழாயில் 20,000 வோல்ற்றுக்கு மேல் தேங்கியிருக்கலாம். எல்ஈடி வர முந்திய தட்டைத் திரைகளின் பின்விளக்குக் குழாய்களில் பாதரசம் உண்டு. கழற்றிய பற்றறிகளின் முனைகளுக்கு ரேப் ஒட்டுங்கள். இவற்றையும் போட்டுகளையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், தொடர் இலக்கங்களின் பட்டியலில் கையொப்பம் வாங்குங்கள். பாடசாலை, திணைக்களச் சொத்து என்றால் கழிப்பதற்கான எழுத்து அனுமதி அதற்கு முதலே வேண்டும்.

விற்பனைக்குத் தேறிய பெட்டியில் ஒரு லேபல் ஒட்டுங்கள்: தொடர் இலக்கம், ராம் அளவு, டிஸ்க்கின் மணித்தியாலம், 05ஆம் வரியின் எண், பற்றறி வீதம், அழித்த முறை, சோதித்த திகதி. கடைசியில் உள்ளது அலங்காரத்துக்கு அல்ல. ஆவணியில் சோதித்த பெட்டி விலைபோகாமல் மாரி முழுவதும் ஈரச் சுவரோடு கிடந்துவிட்டுத் தையில் வெளியே வந்தால், லேபலைக் கிழித்துவிட்டு மூடியைக் கழற்றி ரோச் அடிப்பதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.